மூன்று வார்த்தையில் அம்மாவின் வயிறு

நனைந்த கம்பளி ஸ்வெட்டர், ஃபினைல், யாரோ காலையில் தின்றுவிட்டு வந்த முள்ளங்கிப் பராட்டாவின் ஏப்பம், இந்த மூன்றும் கலந்து வீசும் வாடைதான் என் தில்லிப் பால்யத்தின் ஜனவரி மாதம். மற்றவர்கள் பொங்கல் நினைவுகள் எழுதுகிறார்கள்; எனக்கு வாய்த்தது அரசாங்க டிஸ்பென்சரியின் வரிசை.

அப்போது எனக்குப் பதின்மூன்று வயது, கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸில் இருந்தோம். அப்பா ஓர் அமைச்சகத்தில் குமாஸ்தா, ஆறு மணிக்கு மூடும் ஆபீசிலிருந்து ஒன்பது மணிக்கு வீடு வந்துசேரும் கலை அறிந்தவர். அவர் வந்து, குளித்து, டிவியில் செய்தி பார்த்து, சாப்பிட்டு எழுந்த பிறகுதான் அம்மா தன் தட்டை எடுப்பாள். மிஞ்சிய குழம்பையும் ஊறுகாயையும் போட்டுப் பிசைந்து விழுங்கிவிட்டு, பாத்திரம் கழுவிப் போட்ட கையோடு படுப்பாள். படுத்த கால்மணி நேரத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்து, பிரம்பு நாற்காலியில் ‘ரஜாய்’ என்கிற பஞ்சுப் போர்வையைப் போர்த்தி உட்கார்ந்துவிடுவாள். “அவளுக்கு உறக்கம் கம்மி” என்று அப்பா வருகிறவர்களிடம் சொல்வார், ஏதோ அவள் பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்த குணம் மாதிரி.

அம்மா திருநெல்வேலிக்காரி. பதினைந்து வருஷத் தில்லி வாசத்தில் அவள் கற்ற இந்தி காய்கறி வண்டியோடு நின்றுவிட்டது. கத்தரிக்காய்க்கு இந்தி இருந்தது, நெஞ்செரிச்சலுக்கு இல்லை. அப்பாவுக்கு இதற்கெல்லாம் நேரம் கிடைக்காது என்பதால், ஒரு சனிக்கிழமை, தில்லியிலேயே பிறந்து இந்தியில் புரண்ட நான் மொழிபெயர்ப்பாளனாக நியமிக்கப்பட்டேன்.

டிஸ்பென்சரியில் டாக்டர் அறைக்கு வெளியே வரிசை என்பது பெயருக்குத்தான். எல்லோரும் உள்ளேயே வந்து, ஸ்டூலில் உட்கார்ந்திருப்பவரின் முதுகை ஒட்டி நின்று, அவர் வியாதியை முழுதாகக் கேட்பார்கள். “போலோ” என்றார் டாக்டர், சொல்லுங்கள் என்று. அம்மா என் பக்கம் திரும்பிச் சொல்ல ஆரம்பித்தாள்.

“ஏல, அவர்ட்ட சொல்லு. சாப்ட்டுப் படுத்தா நெஞ்செல்லாம் கரிக்கி. புளிச்ச தண்ணி தொண்ட வரைக்கும் ஏறி வருது, ஏப்பம் ஏப்பமா வருது. எந்திச்சு உக்காந்தா அடங்கிரும், படுத்தா மறுபடியும். உறக்கம்லாம் நல்லாத்தான் வருது, வயிறுதான் விட மாட்டேங்கு. இத அப்படியே சொல்லு, என்ன?”

அப்படியே சொல்லியிருக்கலாம். எனக்கு எல்லா வார்த்தையும் தெரியும். ஆனால் எங்களுக்குப் பின்னால் மூன்றாவதாக என் வகுப்புப் பெண் ஒருத்தி தன் அம்மாவோடு நின்றிருந்தாள். ஏப்பத்துக்கு இந்தியில் ‘டகார்’. அதை நான் அங்கே உச்சரித்தால் திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் என் பெயரே அதுவாகிவிடும் என்று எனக்குச் சந்தேகமே இல்லை.

“நீந்த் நஹி ஆத்தி” என்றேன். தூக்கம் வரவில்லை, மூன்றே வார்த்தை.

டாக்டர் முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தார். அம்மா பேசிய நேரத்துக்கு இது போதாது என்று அவருக்கே பட்டிருக்க வேண்டும். “பஸ்?” என்றார், இவ்வளவுதானா என்று.

“பஸ்” என்றேன் நான்.

வெளியே வந்ததும் அம்மா கேட்டாள். “ஏல, நான் அவ்ளோ சொன்னேன், நீ ரெண்டு சொல்லுல முடிச்சிட்ட?”

“இந்தி அப்படித்தாம்மா. சின்ன பாஷை.”

“நம்ம ஆளுவதான் வளவளன்னு பேசுதோம் போலுக்கு” என்று அவள் சிரித்தாள். என்னை நம்பினாள்.

டாக்டர் தன்னிடம் சொல்லப்பட்ட வியாதிக்குச் சரியான மருந்தைத்தான் எழுதினார்: தூக்க மாத்திரை. அம்மா அதை விழுங்கி, கரிக்கக் கரிக்கப் படுத்தே கிடந்தாள். எழுந்து உட்காரும் தெம்பையும் மாத்திரை பிடுங்கிக்கொண்டது. பகலில் அடுப்புக்கு முன்னால் நின்றபடி கண் சொருகுவாள், தோசை கருகும், “மாத்திரை குடுத்தாச்சு, இன்னும் என்னவாம்?” என்று அப்பா கத்துவார். மாதாமாதம் மருந்து வாங்கப் போனவன் நான்தான். “இன்னும் கரிக்குன்னு சொன்னியால?” என்பாள். “சொன்னேம்மா” என்பேன். திருத்திக்கொள்ள எத்தனை மாதங்கள் இருந்தன! நான் ஹாஸ்டலுக்குப் போன பிறகு அப்பா பழைய சீட்டைக் காட்டி அதே மாத்திரையை வாங்கி வந்தார். சீட்டில் என் மூன்று வார்த்தையும் டாக்டர் கையெழுத்தில் நிரந்தரமாகியிருந்தன.

அப்பா ரிட்டையர் ஆகி ஊருக்குப் போன பிறகு, சோறு தொண்டையில் இறங்கவில்லை என்று அம்மாவைத் திருநெல்வேலியில் ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனேன். அவர் குழாய் விட்டுப் பார்த்தார். வருஷக்கணக்காகப் புளித்த நீர் ஏறி ஏறி உணவுக்குழாய் புண்ணாகி, தழும்பாகி, சுருங்கியிருந்தது. ராத்திரி ஏழு மணிக்குள் சாப்பிடுங்கள், உடனே படுக்காதீர்கள், கட்டிலின் தலைமாட்டுக் காலுக்கு இரண்டு செங்கல் வையுங்கள் என்றார். பிறகு, “ஏம்மா, டெல்லியில யார்கிட்டயும் காட்டலையா?” என்றார்.

“மொத நாளே காட்டிட்டமே. எம் பிள்ள ஒண்ணு விடாம சொன்னாம்யா. பாவம், அந்த டாக்டருக்குத்தான் பிடிபடல.”

நான் சுவரில் மாட்டியிருந்த குடல் படத்தை மிகுந்த அக்கறையோடு பார்த்துக்கொண்டிருந்தேன்.

செங்கல் வைத்த கட்டிலில் அம்மா நன்றாகத் தூங்கினாள். ஆனால் கரைத்த சோறும் வடிகட்டிய ரசமும் தவிர வேறெதுவும் அதன் பிறகு இறங்கவில்லை. ஆறு வருஷம் அப்படி இருந்துவிட்டுப் போய்ச் சேர்ந்தாள். நான் சொல்லவில்லை.

இப்போது கிட்வாய் நகரில் எங்கள் குவார்ட்டர்ஸ் இல்லை, இடித்துப் பல மாடிகளாகக் கட்டிவிட்டார்கள். டிஸ்பென்சரிக்கு டோக்கன் செல்போனிலேயே கிடைக்கிறது. முதுகை ஒட்டி யாரும் நிற்பதில்லை. வகுப்புப் பெண்ணின் பெயரை யோசித்துப் பார்க்கிறேன், வரவில்லை. நானும் ஓர் அமைச்சகத்தில்தான் இருக்கிறேன், நாற்பது பக்கக் கோப்பை நாலு வரியில் சுருக்குவதில் கெட்டிக்காரன் என்று பெயர்.

போன வாரம் எங்கள் தில்லித் தமிழர் வாட்ஸப் குழுவில், வயிறு கெட்டால் தூக்கம் கெடும் என்று விஞ்ஞானிகள் இப்போதுதான் கண்டுபிடித்திருப்பதாக ஒரு செய்தி வந்தது. அருமை, பயனுள்ள தகவல், என்று ஆளாளுக்குப் பாராட்டியிருந்தார்கள். என் அம்மா இதை ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து, ஒரு சனிக்கிழமைக் காலையில், காரண காரியத்தோடு விளக்கிச் சொன்னாள் என்றும், அந்த அறையில் அது புரிந்தவன் நான் ஒருவன்தான் என்றும் எழுத ஆரம்பித்தேன். நீளமாகப் போனது. அழித்துவிட்டு, எல்லோரையும் போல ஒரு கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினேன்.