மலையேறிய மின்சாரம்

என் மேசைமேல் காகிதங்கள் பறக்காமல் இருக்க ஒரு வெள்ளைப் பீங்கான் கட்டை வைத்திருக்கிறேன். உள்ளங்கையில் அடங்கிவிடும். இரண்டு முனையிலும் பித்தளைக் கால்கள், நடுவில் கரிந்த தடம். வீட்டுக்கு வரும் பிள்ளைகள் சதுரங்கக் காயா என்று கேட்கிறார்கள். அது மலையாள தேசத்தில், வலியசாலையில் என் நாத்தனார் வீட்டுப் பழைய ஃபியூஸ் கட்டை.

நாத்தனார் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. இன்ஷூரன்ஸ் ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றபின், பெற்றோர் விட்டுப்போன ஓட்டு வீட்டில் தனியாக, ராணி மாதிரி இருந்தார். அந்த ராஜ்யத்தில் அவருக்கு மிகவும் பெருமை தந்தது ஃபியூஸ் பெட்டிதான். "ஊரெல்லாம் ஃபியூஸ் போறது, எங்காத்து ஃபியூஸ் போன சரித்திரமே கெடையாது, கேட்டியோ" என்பார். எப்படிப் போகும்? தலைமயிர் போல மெல்லிய கம்பி கட்ட வேண்டிய இடத்தில், துணி உலர்த்தப் போதுமான தடித்த செம்புக் கம்பியை அவரே முறுக்கிக் கட்டியிருந்தார். வயரிங்கோ என் மாமனார் காலத்தது. எங்கே கோளாறு இருந்தாலும் அந்தப் பெட்டி வாயே திறக்காது.

ஒருநாள் காலையில் பெட்டிக்குப் பின்னாலிருந்த மரப்பலகை புகைந்தது. பக்கத்து வீட்டுக்காரர் பார்த்ததால் தப்பித்தார். தகவல் கேட்டு ஓடிவந்த தம்பி, அதாவது என் கணவர், வாசலிலேயே தீர்ப்பு சொல்லிவிட்டார். "அக்கா, நவராத்திரிக்குள்ளே இது செரியாகல்லேன்னா நீ ஃப்ளாட்டுக்கு வந்துடணும். வீட்டைப் பூட்டிடலாம்." ஆபீஸில் நாலு மேலதிகாரிகளை ஆட்டிவைத்தவர் அன்று உள்ளே போய்க் காப்பி கலந்தது எனக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் எங்கள் ஃப்ளாட்டில் அவருக்காக ஓர் அறையை ஒழித்து வைத்தேன்.

விழிஞ்ஞத்திலிருந்து ஒரு மலையாளி எலக்ட்ரீஷியன் வந்தார். துறைமுக வேலைக்கு நடுவே நேரம் ஒதுக்கி வந்த அவர், கை ஓடும் வேகத்துக்கு வாயும் ஓடுகிற மனிதர். கப்பலுக்கே கறண்ட் கொடுத்தவன் நான் என்று ஆரம்பித்து, பழைய பெட்டியைக் கழற்றிப் புதியதை மாட்டினார். எங்கேயாவது மின்சாரம் கசிந்தால் தானே துண்டித்துக்கொள்ளும் பெட்டி அது. வயரிங்கையும் மாற்றணும் என்றார். கொலு வைக்கிற சுவரை உடைக்க விடமாட்டேன் என்று நாத்தனார் கறாராக நின்றுவிட்டார்.

அன்று சாயங்காலமே புதுப்பெட்டியின் ஸ்விட்ச் டப்பென்று விழுந்து வீடு இருண்டது. மறுநாளும் அதே. எலக்ட்ரீஷியன் இரண்டு தடவை காலையில் வந்து பார்த்தார். பெட்டி சமர்த்தாக இருந்தது. "பழசு ஒருநாளும் இப்படிப் படுத்தினதில்லே" என்று நாத்தனார் புலம்பினார். நவராத்திரி நெருங்கிக்கொண்டிருந்தது. கொலுப் பொம்மைகளைப் பரணிலிருந்து இறக்கட்டுமா வேண்டாமா என்று என்னிடம் கேட்டார்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். அந்த வீட்டில் விளக்கு அணைந்தது என்று யாரும் சொல்லக்கூடாது, அபசகுனம். விளக்கு மலையேறிவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும். குத்துவிளக்கானாலும் குழல்விளக்கானாலும் நாத்தனாருக்கு ஒரே சட்டம். மலையாளத்தைத் தண்ணீர்பட்ட பாடாகப் பேசுபவர், இந்த ஒரு சொல்லை மட்டும் எந்த பாஷைக்கும் மாற்ற மாட்டார். அப்படித்தான் மூன்றாம் தடவை எலக்ட்ரீஷியனிடம் போனில் சொன்னார்: "மோனே, சந்தியா நேரம் ஆனா மலையேறிடறது, ஒண்ணு வந்து நோக்கணும்."

எலக்ட்ரீஷியன் யோசித்திருக்கிறார். வலியசாலையில் ஏது மலை? தமிழர்களுக்கு 'ழ' வராது என்பது அவர் சித்தாந்தம். ஆகவே அம்மா சொன்னது மழை. மழை ஏறுகிறது, வெள்ளம் உள்ளே இறங்குகிறது. மறுநாள் பளீரென்ற வெயிலில் நீண்ட ஏணியோடு வந்து, எங்களை ஒரு வார்த்தை கேட்காமல் கூரைமேல் ஏறி ஓடுகளைப் பிரிக்க ஆரம்பித்துவிட்டார்.

"எந்தா காணிக்கறே, கூரை மேலே என்ன பண்றே? பெட்டி கீழேயல்லவா இருக்கு?" என்று நாத்தனார் முற்றத்தில் நின்று கத்தினார்.

"அம்மையல்லே பறஞ்ஞது, மழ ஏறுந்நு எந்நு?"

"மழையா? நான் எப்போ மழைன்னேன்? விளக்கு மலையேறிடறதுன்னேன்!"

கூரையில் இன்னும் ஓர் ஓடு நகர்ந்தது. பிறகு, "அம்மே, இவிடெ வா" என்ற குரல் மட்டும் மெதுவாக வந்தது. ஏணியில் பாதி ஏறி நான்தான் பார்த்தேன். விண்டுபோன ஓர் ஓட்டின் கீழே மர உத்தரம் ஊறிக் கறுத்திருந்தது. பூஜை அறை விளக்குக்குப் போகும் பழைய வயர் உறை உதிர்ந்து, அந்த ஈரத்தில் வெறும் கம்பியாகக் கிடந்தது. சந்தியா வேளையில் அந்த ஸ்விட்சைப் போட்டவுடன் மின்சாரம் மரத்துக்குள் கசிந்திருக்கிறது. புதுப்பெட்டி அதைத்தான் தினமும் சொல்லிக்கொண்டிருந்தது. எங்களுக்கு 'ழ' வராது என்று நினைத்தவருக்கு நாங்கள் கடமைப்பட்டோம்.

அதன்பின் நாத்தனார் மறுக்கவில்லை. சுவரைத் தொடாமல் வெளியே குழாய் விட்டு வீடு முழுக்கப் புது வயர் இழுத்தார்கள். நவராத்திரி முதல் நாள் கொலுவுக்கு எலக்ட்ரீஷியன் குடும்பத்தோடு வந்து சுண்டல் வாங்கிக்கொண்டு போனார். தம்பியும் வந்தார். புதுப்பெட்டியை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு, சுண்டலைத் தின்றார். பழைய கட்டையை நாத்தனார் எனக்குக் கொடுத்தார். "என் திமிருக்கு இது சாட்சி. நீ வெச்சுக்கோ" என்று சிரித்தார்.

போன வாரம் அந்தி நேரத்தில் எங்கள் கட்டடத்தில் மின்சாரம் நின்றது. ஜெனரேட்டரும் கைவிட்டது. இருட்டில் நான் மேசையைத் தடவி, பீங்கான் கட்டையைத் தொட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். போன் அடித்தது, நாத்தனார்.

"அங்கே மலையேறிடுத்தாமே? இங்கே ஜகஜ்ஜோதியா இருக்கு. அவனையும் அழைச்சிண்டு வந்துடு. அறை ஒழிச்சு வெச்சிருக்கேன்."