மை படாத பக்கம்

சீதாலெட்சுமிக்கு என்ன வேலை என்று அவள் குடியிருந்த பண்டமாரான் கம்பத்தில் ஊர்க்காரர்கள் யாராவது கேட்டால், "நாட்டைக் காப்பாத்துறேன்லா" என்பாள். விளையாட்டுக்குச் சொன்னதில்லை, நிஜமாகவே அப்படித்தான் நம்பினாள். கிள்ளானில் ஒரு புத்தக ஸ்டோரில் வேலை. கப்பலில் வந்து இறங்கும் வெளிநாட்டுப் பத்திரிகைகளைப் புரட்டி, துணி குறைந்த பெண்களின் படம் தட்டுப்பட்டால் கறுப்பு மார்க்கரால் அடிக்க வேண்டும். கழுத்துக்குக் கீழே, முட்டிக்கு மேலே. எழுபதுகளின் கடைசியில் அந்த மை வாடை ஏறாத சேலை அவளிடம் ஒன்றுகூட இல்லை.

"ஒரு படம் போதும் சீதா, ஒரு கம்பமே குட்டிச்சுவராப் போயிரும்" என்பார் கணக்கும் மேற்பார்வையும் பார்த்த ஸ்டோர் கிராணி கனகசபை. அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டாள். வீட்டிலும் அதே சட்டம்தான். ஒற்றை மகள் பாக்கியம் சாரோங்கை மார்வரை கட்டிக்கொண்டுதான் குளிக்க வேண்டும், விளக்கை அணைத்துவிட்டுத்தான் துணி மாற்ற வேண்டும். பொம்பளை உடம்பில் வெளிச்சம் பட்டால் குடும்பத்துக்கு ஆகாதாம். எந்தச் சாத்திரத்தில் படித்தாளோ, அந்த மகராசிக்கே தெரியும்!

வினை அங்கேதான் வந்தது. கல்யாணமாகி முதல் பிள்ளை உண்டாகியிருந்த பாக்கியத்துக்கு எட்டு மாதம் முடிந்தது. கிளினிக் நர்ஸ் மிஸ்ஸி வயிற்றைத் தடவிப் பார்த்துவிட்டு முகம் மாறினாள். "புள்ளைக்குத் தலை இன்னும் கீழ திரும்பல. வீட்ல பெத்துக்கலாம்னு நினைக்காதீங்க. ஆஸ்பத்திரிக்கு வரலைன்னா தாயும் தங்காது, புள்ளையும் தங்காது."

பாக்கியம் அசைய மாட்டேன் என்றுவிட்டாள். "ஆம்பள டாக்டர் முன்னாடி துணியில்லாமப் படுக்கிறதுக்கு நான் செத்தே போறேன்மா." மாப்பிள்ளை கெஞ்சினான். சீதாலெட்சுமி அழுது பார்த்தாள், கடைசியில் அடிக்கக் கையை ஓங்கினாள். "நீங்கதானேம்மா சொல்லிக்கொடுத்தீங்க?" என்று மகள் கேட்டாள். ஓங்கின கை அப்படியே நின்றுவிட்டது.

அந்த வாரம் ஸ்டோருக்கு ஒரு பெட்டி வந்தது. உள்ளே தாய்சேய் நலப் புத்தகங்கள், பளபளவென்று கனத்த தாள். மார்க்கரோடு புரட்டிக்கொண்டே வந்தவள் நடுவில் ஒரு பக்கத்தில் நின்றாள். முழுப் பக்கப் படம். உடம்பில் ஒட்டுத் துணி இல்லாமல் ஒரு பெண் பிள்ளை பெற்றுக்கொண்டிருக்கிறாள். பாதித் தலை வெளியே வந்துவிட்டது. ஈரமான கறுப்பு முடிகூடத் தெரிகிறது.

ஆத்தாடி! மூன்று பெற்று ஒன்றைத் தக்கவைத்தவள் சீதாலெட்சுமி. மூன்று தடவை அந்த வாசல் அவள் உடம்பில் திறந்திருக்கிறது. ஒரு தடவைகூட அவள் பார்த்ததில்லை. போர்வைக்குள்ளே, கண்ணை இறுக மூடிக்கொண்டு, எப்போது முடியும் எப்போது முடியும் என்று பெற்றாள். இதுவா? எனக்கு நடந்தது இதுவா? இவ்வளவு பெரிய காரியமா? கும்பாபிஷேகத்தில் கலசத்தைப் பார்த்தவளைப் போல, மார்க்கரோடு சேர்த்து இரண்டு கையும் தலைக்கு மேல் போய்க் குவிந்தன. கண்ணீர் அது பாட்டுக்கு வழிந்தது. பிறகுதான் படத்திலிருந்த டாக்டரைக் கவனித்தாள். ஆம்பளைதான். ஆனால் அவன் பார்வை அந்தப் பெண்மேல் இல்லை, வருகிற தலைமேல் இருந்தது. கும்பிடாத குறையாகப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அந்தப் பக்கத்தைக் கிழித்து, மடித்து, ரவிக்கைக்குள் செருகிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்ததும் விளக்கைப் போட்டாள். "பாருடி" என்று மகள் கையில் கொடுத்தாள். பாக்கியம் சீ என்று முகத்தைத் திருப்பினாள். அப்புறம் ஓரக்கண்ணால் பார்த்தாள். அப்புறம் மடியில் விரித்து வைத்துக்கொண்டு நேராகவே பார்த்தாள். "இவ அழகா இருக்காம்மா" என்றாள். மறுநாள் காலையில் ஆஸ்பத்திரிக்குப் பையைக் கட்டிவிட்டாள்.

ஸ்டோரில் கனகசபை பிடித்துக்கொண்டார். "இதுல ஒரு பக்கம் எங்க?"

வேலை போச்சு என்று நினைத்தாள். "ரொம்ப அசிங்கமா இருந்திச்சி சார். மை அடிச்சும் அடங்கல. கிழிச்சிட்டேன்."

கிராணியார் முகம் மலர்ந்துவிட்டது. "சபாஷ்! உன்னை மாதிரி நாலு பேர் இருந்தா இந்த நாடு உருப்பட்டிரும். மத்த புத்தகத்திலயும் கிழிச்சிடு சீதா!"

கிழித்தாள். ஒன்று விடாமல் கிழித்தாள். குப்பைக்கு ஒன்றுகூடப் போகவில்லை. பண்டமாரானில் எந்தெந்த வீட்டில் வயிற்றுப்பிள்ளைக்காரி இருக்கிறாள் என்று அவளுக்குத் தெரியாதா என்ன? அரிசி டின்னுக்கு அடியிலும் சாமி படத்துக்குப் பின்னாலும் அந்தத் தாள்கள் போய்ச் சேர்ந்தன. கம்பம் ஒன்றும் கெட்டுப்போகவில்லை.

பாக்கியத்தின் பிள்ளை காலை முன்னே நீட்டிக்கொண்டுதான் வந்தது. டாக்டர் பாடாய்ப் பட்டு எடுத்தார். தாயும் தங்கினாள், பிள்ளையும் தங்கியது.

"கண்ணை மூடிக்கிட்டியாடி?" என்று கேட்டாள் சீதாலெட்சுமி.

"இல்லம்மா. மூட மனசே வரல."

பெண் குழந்தை. பாக்கியம் மேல்துணியை முழுக்க விலக்கி அதை மார்பில் போட்டிருந்தாள். பார்வையாளர் நேரம், வார்டு முழுக்க ஆட்கள். பழக்கதோஷம், சீதாலெட்சுமி முந்தானையை இழுத்துப் பிள்ளையை மூடப் போனாள்.

"விடுங்கம்மா" என்றாள் பாக்கியம். "நான் இன்னும் பார்த்து முடிக்கல."

முந்தானையை விட்டுவிட்டு அவளும் குனிந்து பார்த்தாள்.