பதினோரு நாள் நின்ற கார்

காலையில் ஷெட் கதவைத் திறந்தபோது, ரிப்பேருக்கு வந்திருந்த அந்தக் கார் இடது பின்பக்கம் அமுங்கிக் கிடந்தது. முந்தைய நாள் சாயங்காலம் பூட்டிவிட்டுப் போகும்போது நாலு பக்கமும் மட்டமாகத்தான் நின்றது. இப்போது சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவே ஒரு விரல்கூட நுழையவில்லை. ஸ்டார்ட் செய்தேன். பின்னால் எங்கோ ஒரு மோட்டார் முனகியது. கார் மெல்ல, முழங்காலை ஊன்றி எழுகிற வயசாளி மாதிரி எழுந்து நின்றது. மறுநாள் காலையில் மறுபடி அமுங்கியிருந்தது.

நாலு வழிச் சாலைக்காக மதுரை ரோட்டைத் தோண்டிப் போட்டிருந்த வருடங்கள் அவை. கோவில்பட்டியில் என்னிடம் வந்ததெல்லாம் ஜீப்பும் அம்பாசிடரும் தீப்பெட்டி பண்டல் ஏற்றும் வேன்களும்தான். ஸ்பிரிங்குக்குப் பதிலாகக் காற்றடைத்த ரப்பர்ப் பைகள் மேல் உட்கார்ந்திருக்கும் வண்டியை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. தீப்பெட்டி ஆபீஸ் வைத்திருந்த அண்ணாச்சி அதைச் சென்னையில் யாரோ ஓட்டிக் கழித்த பிறகு வாங்கி வந்திருந்தார். ஆடம்பரத்துக்காக வாங்கவில்லை. சட்டைக் காலர் கிழியும்வரை போடுகிற மனிதர் அவர். அவர் மனைவிக்கு, நாங்களெல்லாம் மதினி என்று கூப்பிடுகிறவருக்கு, முதுகெலும்பில் புற்று பரவியிருந்தது. வாரம் ஒருமுறை மதுரைக்குக் கூட்டிப் போய் மருந்து ஏற்ற வேண்டும். ஒருமுறை வாடகைக் காரில் போனபோது, சாத்தூர் பக்கத்து மாற்றுப்பாதைக் குழிகளில் வலி தாங்காமல் மதினி மயங்கிவிட்டார். அதன் பிறகுதான் இந்தக் கார். இதில் போனால் குழி தெரியாது என்று யாரோ அண்ணாச்சியிடம் சொல்லியிருந்தார்கள். அது உண்மைதான். நான்கு மாதம் அதில்தான் போய் வந்தார்கள்.

முதலில், பைகளுக்குக் காற்றடிக்கிற மோட்டாரைச் சந்தேகப்பட்டேன். ஓயாமல் ஓடிச் சூடேறியிருந்தது. அதற்குக் கரண்ட் விடுகிற ரிலேயை மாற்றினேன். மோட்டாரின் சத்தம் குறைந்தது, கார் அமுங்குவது நிற்கவில்லை. அப்புறம்தான் காற்று எங்கோ கசிகிறது, அதை ஈடுகட்டத்தான் மோட்டார் ஓடி ஓடிச் சாகிறது என்று புத்தியில் பட்டது. ஜாக்கியில் தூக்கி, பையின் மேல் சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்தேன். ஒரு குமிழிகூட வரவில்லை. இரண்டு நாள் வீணாயிற்று. சக்கரம் தொங்கும்போது பை நீண்டுகொள்கிறது, வெடிப்பு மூடிக்கொள்கிறது என்பது மூன்றாம் நாள்தான் விளங்கியது. வண்டியின் பாரம் பையின் மேல் இருக்கும்போதே அடியில் படுத்துப் பார்க்க வேண்டும். காற்று சட்டென்று இறங்கினால் வண்டி நெஞ்சின் மேல் உட்கார்ந்துவிடும். பழைய ரயில் ஸ்லீப்பர்க் கட்டைகளை நாலு பக்கமும் முட்டுக் கொடுத்துவிட்டு உள்ளே நுழைந்தேன். பை மடங்குகிற இடத்தில் கரிசல் தூசி அப்பியிருந்தது. துடைத்துவிட்டுச் சோப்புத் தண்ணீரைத் தடவியதும், கடுகளவில் குமிழிகள் வரிசையாக வந்தன. கார் ஏறி இறங்கும்போதெல்லாம் அந்தத் தூசி ரப்பரை அரைத்துக்கொண்டே இருந்திருக்கிறது.

அண்ணாச்சியிடம் சொன்னேன். பையை எடுத்துவிட்டுச் சாதாரண ஸ்பிரிங் போட்டால் இரண்டே நாளில் வண்டி ஓடும் என்றும் சொன்னேன்.

“குழி தெரியுமா?” என்று கேட்டார்.

“தெரியும் அண்ணாச்சி.”

“அப்ப வேண்டாம். பையவே வரவழை.”

சென்னையில் பழைய சாமான் விற்கிற ஒருவரிடம் சொல்லி வைத்ததில், நல்ல நிலையில் ஒரு பை பார்சலில் வந்தது. மாட்டினேன். மூட்டுகளில் குமிழி இல்லை. மூன்று நாள் காலையில் சீக்கிரமாகவே போய்க் கதவைத் திறந்து பார்த்தேன். மூன்று நாளும் கார் மட்டமாக நின்றது. எனக்குப் பெருமையாக இருந்தது. போனில் சொல்ல மனமில்லாமல் நேரில் சொல்ல அவர்கள் வீட்டுக்கே போனேன்.

அண்ணாச்சி ஆபீஸுக்குப் போய்விட்டிருந்தார். மதினி முன்னறைக் கட்டிலில் தலையணைகளில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். தலையில் ஒரு துண்டைக் கட்டியிருந்தார். வண்டி சரியாகிவிட்டது என்று நான் சொன்னதும் அவர் முகத்தில் எதுவும் மாறவில்லை.

“அவியகிட்ட சொல்லிட்டீங்களா தம்பி?”

“இல்ல மதினி. இனிமேதான்.”

தலைத் துண்டை இழுத்துச் சரிசெய்துகொண்டார். பிறகு, கடையில் ஏதோ வாங்கி வரச் சொல்லுகிற குரலில் சொன்னார்: “இன்னும் கொஞ்ச நாள் ஒங்க ஷெட்டுலயே கெடக்கட்டும். மருந்து ஏத்திட்டு வந்தா மூணு நாளைக்குக் கண்ணத் தொறக்க ஏலல. கண்ணத் தொறந்தா மறுபடி மதுர. அது பொழைக்கதுக்கு இல்லன்னு டாக்டர் பேச்சுலயே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. அவியகிட்ட நான் வரமாட்டேன்னு சொன்னா ஒடஞ்சு போயிருவாவ. வண்டி வரலன்னா, வண்டிதான வரலன்னு இருப்பாவ.”

கையிலிருந்த கார் சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டேன்.

“நான் சொன்னேன்னு எப்பவும் சொல்லிராதீங்க” என்றார்.

சரி என்று சொன்னேனா, தலையை மட்டும் ஆட்டினேனா என்று நினைவில்லை. ஷெட்டுக்குத் திரும்பி வந்து காரின் மேல் ஒரு படுதாவைப் போட்டு மூடினேன். மறுநாள் காலையில் ஆபீஸுக்குப் போகிற வழியில் அண்ணாச்சி வந்தார். சாமான் இன்னும் வரவில்லை என்றேன். படுதாவைப் பார்த்துக்கொண்டு நின்றார். “சரி, வரட்டும்” என்று போய்விட்டார். அதற்கடுத்த நாளும் அப்படித்தான். வேறு வண்டியோ ஆம்புலன்ஸோ ஏற்பாடு செய்வதைப் பற்றி அவர் பேசவில்லை. நானும் பேசவில்லை.

பதினோரு நாள் போயிற்று. எட்டாம் நாளோ ஒன்பதாம் நாளோ, அண்ணாச்சி வழக்கம்போல வந்தவர், “நேத்து நெத்திலிக் கருவாட்டுக் கொழம்பு வேணும்னு கேட்டா. ரெண்டு வாய் கூடவே சாப்ட்டா” என்றார். என்னிடம் ஏன் சொல்கிறார் என்று தெரியாமல் கையைத் துடைத்துக்கொண்டு நின்றேன்.

பன்னிரண்டாம் நாள் முற்பகலில் மதினி அந்தக் கட்டிலிலேயே இறந்துபோனார். ஒரு ஜீப்பின் கிளட்ச் தட்டைக் கழற்றிக்கொண்டிருந்தபோது எனக்குத் தகவல் வந்தது. கழற்றி முடித்துவிட்டுத்தான் போனேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று பின்னால் யோசித்திருக்கிறேன். அழுகை வரவில்லை. பயமும் வரவில்லை. கை பாட்டுக்கு நட்டுகளை வரிசையாக ஒரு தட்டில் எடுத்து வைத்தது.

சாவு வீட்டில், மதினியின் அண்ணன் எல்லார் காதிலும் விழும்படி சொன்னார்: “ஒரு காரச் சரி பண்ண ஒரு மாசமா? ஒழுங்கா வேல தெரிஞ்சவன்கிட்ட விட்டிருந்தா எந்தங்கச்சி இன்னைக்கு இருந்திருப்பா.” பந்தலில் நாற்காலிகளுக்கு நடுவே நின்றிருந்தேன். அண்ணாச்சி மூன்று நாற்காலி தள்ளி உட்கார்ந்திருந்தார். தலை நிமிரவில்லை. நானும் வாய் திறக்கவில்லை. அதற்குப் பிறகு கிட்டத்தட்ட ஒரு வருடம் பெரிய வண்டி எதுவும் என் ஷெட்டுக்கு வரவில்லை.

பதினாறாம் நாள் விசேஷம் முடிந்த மறுநாள், அண்ணாச்சி கார் எடுக்க வந்தார். படுதாவை நான் உருவினேன். இரண்டு பேரும் அந்தக் காரைப் பார்த்தோம்.

“படுதாவப் பாத்த அன்னைக்கே தெரியும்” என்றார். “படுதா போட்டா, வண்டி மட்டமா நிக்கது தெரியாதா?”

உருவிய படுதாவை மடித்தேன். “நீங்க ஒண்ணும் கேக்கலையே அண்ணாச்சி” என்றேன்.

“கேட்டா நீ சொல்லிருவ. சொல்லிட்டா நான் அவளத் தூக்கிட்டுப் போகணும்லா.”

சாவியை வாங்கிக்கொண்டு ஓட்டிப் போய்விட்டார். சில மாதங்களில் அதை விற்றுவிட்டதாகக் கேள்விப்பட்டேன்.

இப்போது இந்த ஊரிலேயே அந்த மாதிரிக் கார்கள் பல ஓடுகின்றன. கம்ப்யூட்டரைச் செருகினால் எந்தப் பையில் கசிவு என்று அதுவே சொல்லிவிடுகிறது. அண்ணாச்சியின் ஆபீஸை இப்போது அவர் மகன் பார்க்கிறான். போன ஐப்பசியில் ஒருநாள், ஒரு வேலையும் இல்லாமல், அண்ணாச்சி நடந்தே ஷெட்டுக்கு வந்தார். டீ வாங்கிக் கொடுத்தேன். பாதி குடித்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்.

“அவ ஒங்கிட்ட ஏதாச்சும் சொன்னாளா?”

இத்தனை வருடத்தில் அந்தக் கேள்வி வரும் என்று நான் எதிர்பார்த்திருக்க வேண்டும். எதிர்பார்க்கவில்லை.

“இல்ல அண்ணாச்சி.”

“அப்ப நீயாத்தான் செஞ்சியா?”

“ஆமா.”

நம்பினாரா என்று எனக்குத் தெரியவில்லை. மீதி டீயைக் குடித்து, டம்ளரைப் பெஞ்சில் வைத்துவிட்டு எழுந்தார். “மழ வரும்போல இருக்கு. வாரேன்” என்றார். ரோட்டைக் கடந்து அந்தப் பக்கம் போகும்வரை நின்று பார்த்தேன். பிறகு உள்ளே வந்து, பாதியில் விட்டிருந்த வேனுக்கு அடியில் படுத்துக்கொண்டேன்.