கருப்பி வராத பூசை

கோவிலுக்குள் உட்கார்ந்து ஜெசிந்தா முழுப் பூசை பார்த்து வருஷக்கணக்காகிறது. பக்தி குறைந்துவிடவில்லை. மகன் ரூபனுக்கு ஆட்டிசம். ஒலிபெருக்கியும் பாட்டும் கூட்டமும் சேர்ந்து வந்தால் அவனால் தாங்க முடியாது. காதைப் பொத்திக்கொண்டு கத்துவான். ஒரு ஈஸ்டர் அன்று அப்படிக் கத்தியபோது, பெஞ்சின் ஓரத்தில் இருந்த பாக்கியம் திரும்பிப் பார்த்து, "ஆத்தா, புள்ளைய வெளிய கூட்டிட்டுப் போ. சாமியார் பிரசங்கம் வைக்கிறாக" என்றாள். அன்றிலிருந்து ஜெசிந்தாவின் இடம் வெளியே வேப்பமரத்தடிதான்.

தேவாரம் பக்கம் பிறந்து, பக்கத்து ஊரிலேயே வாக்கப்பட்டவள். திராட்சைக் குலையில் அழுகலை வெட்டி எடுத்துப் பெட்டியில் அடுக்கும் வேலை. கை வேகம், வாயும் அதற்குக் குறைந்ததில்லை. மகன் விஷயத்தில் மட்டும் அந்த வாய் அடைத்துப்போகும். கணவன் அருண் ஜோசப் ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆட்களை ஜீப்பில் ஏற்றிப் போகிறவன். அவனுக்கும் பொறுமைக்கும் வெகுதூரம்.

இந்த வருஷம் ரூபன் வயதுப் பிள்ளைகளுக்குப் புதுநன்மை. முதன்முதலாக நற்கருணை அப்பம் வாங்கும் நாள். "வீட்டுக்கே வந்து குடுக்குறேம்மா" என்றார் சாமியார். நல்ல மனசோடுதான் சொன்னார். ஜெசிந்தாவுக்கு ஒப்பவில்லை. மற்ற பிள்ளைகளோடு வரிசையில் நின்றுதான் அவனும் வாங்க வேண்டும். அவள் ஆசை அவ்வளவுதான்.

பழனிசெட்டிபட்டி மையத்தில் ரூபனுக்குப் பயிற்சி கொடுக்கும் நதியாவிடம் போய்ச் சொன்னாள். நதியா ஒரு வி.ஆர். கண்ணாடியை எடுத்துக் காட்டினாள். மாட்டிக்கொண்டால் படம் எடுத்த இடத்திலேயே நிற்பதுபோல இருக்கும். தலையைத் திருப்பினால் பின்னால் இருப்பதும் தெரியும்.

"ஒங்க கோவில் பூசையவே படம் எடுத்துட்டு வாங்கக்கா. சத்தத்தக் கொஞ்சங் கொஞ்சமாக் கூட்டிப் பழக்குவோம். ஒரு ஞாயிறு பத்தாது, நாலஞ்சு ஞாயிறு எடுங்க" என்று கேமராவையும் கொடுத்தனுப்பினாள்.

அருண் ஜோசப் ஒரே ஞாயிறோடு முடித்துக்கொண்டான். "எல்லா ஞாயித்துக்கெழமையும் அதே பூசதான? சாமியார் என்ன மாத்தியா வைக்கப்போறாக?" என்றான். படத்தில், கோவில் வேலைகளைப் பார்க்கும் கோவில்பிள்ளை இஞ்ஞாசிமுத்து வளர்க்கும் நாய் கருப்பிகூட வந்திருந்தது. நற்கருணை நேரத்தில் பக்கவாசல் வழியே வந்து, பீடத்துக்கு முன்னால் குறுக்கே நடந்து, தூணோரம் படுத்துக்கொண்டது. நதியா விழுந்து விழுந்து சிரித்தாள்.

முதலில் ரூபன் கண்ணாடியைப் பிய்த்து எறிந்தான். பிறகு, சத்தத்தை அணைத்துக் காட்டியதும் கொஞ்ச நேரம் பார்த்தான். வாரங்கள் போகப் போகச் சத்தம் கூடியது. ஒருநாள் பாட்டு, மணி எல்லாவற்றையும் முழுச் சத்தத்தில் கேட்டுவிட்டு, "இன்னொருக்கா" என்றான். ஜெசிந்தா மையத்து வராந்தாவில் உட்கார்ந்து அழுது தீர்த்தாள். ஆனாலும் நிஜப் பூசைக்குக் கூட்டிப்போய்ப் பார்க்க அவளுக்குத் துணிச்சல் வரவில்லை. பழகியதும் கெட்டுப்போனால் என்ன செய்வது?

அந்த நாளும் வந்தது. வெள்ளைச் சட்டையில் ரூபன் கடைசி ஆளாக நின்றான். ஒலிபெருக்கி கிளம்பியதும் கை காதுவரை போனது, பொத்தாமல் இறங்கியது. மற்ற பிள்ளைகள் எல்லாரும் வாங்கிவிட்டார்கள். ரூபன் மட்டும் நடுவழியில் நின்றுவிட்டான். கோவிலே அவனைப் பார்த்தது.

ஜெசிந்தாவுக்கு அவனைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடக் கால் பரபரத்தது. ஓடியே பழகிய கால். ஆனால் அவன் காதைப் பொத்தவில்லை, கத்தவில்லை, பக்கவாசலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"கருப்பி வரல" என்றான்.

அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. அவன் பார்த்த பூசையில் கருப்பி குறுக்கே போன பிறகுதான் வரிசை நகரும். அவனுக்குத் தெரிந்த ஒரே பூசை அதுதான்.

"சித்தப்பா, கருப்பி எங்க?" நடுவழிக்கே ஓடிவந்து, கோவிலென்றும் பாராமல் கத்தினாள்.

"பெரிய பூசன்னு கட்டிப் போட்டேன் ஆத்தா" என்றார் இஞ்ஞாசிமுத்து.

"அவுத்து விடுங்க! அது வராம இவன் நகர மாட்டான்."

இஞ்ஞாசிமுத்து சாமியாரைப் பார்த்தார். நற்கருணைக் கிண்ணத்தோடு நின்ற சாமியார் சிரிப்பை அடக்கிக்கொண்டு தலையசைத்தார். வாலை ஆட்டிக்கொண்டு வந்த கருப்பி, யாரையும் சட்டை செய்யாமல் பீடத்துக்கு முன்னால் நடந்து தூணோரம் படுத்தது.

ரூபன் நடந்தான். வாயைத் திறந்தான். "ஆமென்" என்றது கடைசி பெஞ்சு வரைக்கும் கேட்டது.

அருண் ஜோசப் தலையைக் குனிந்துகொண்டு கண்ணைத் துடைத்தான். அடுத்த தடவை நாலு ஞாயிறும் எடுப்பான். ஜெசிந்தாவுக்கு நிமிர்ந்து பார்த்தபோதுதான், தான் கோவிலின் நட்டநடுவில் நிற்பது உறைத்தது. இங்கே தன் இடம் எதுவென்று அவளுக்கு மறந்தே போயிருந்தது.

பாக்கியம் சேலையை இழுத்துக்கொண்டு பெஞ்சில் நகர்ந்தாள்.

"இங்கன உக்காரு ஆத்தா. புள்ளையும் வரட்டும்."