பெரியப்பா விழுங்கிய கஞ்சி

ஸ்பீச் தெரபி படிக்கப் போகிறேன் என்று அத்தை சொன்ன அன்றே பெரியப்பா அவளோடு பேசுவதை நிறுத்திவிட்டார். தங்கை டாக்டராகப் போகிறாள் என்று எங்கள் பிள்ளையார்பாளையம் முழுக்க முன்கூட்டியே அறிவித்து வைத்திருந்தவர் அவர். அத்தைக்கோ அந்த ஆசை எப்போதுமே இருந்ததில்லை.

"பேச முடியாதவங்கள பேச வைக்கிற படிப்புண்ணா" என்றாள்.

"பேசறதுக்கு ஒரு காலேஜா? நம்ம வூட்டுல யாருக்கு பேச்சு வரல?"

அது நியாயமான கேள்விதான். எங்கள் வீட்டில் தறிச் சத்தத்தையும் தாண்டி எல்லோரும் ஒரே நேரத்தில் பேசுவோம். எல்லோரையும் தாண்டிக் கேட்பது பெரியப்பாவின் குரல். அப்படிப்பட்டவர் அத்தையிடம் மட்டும் வாயை மூடிக்கொண்டிருக்கப் பட்ட பாடு கொஞ்சமல்ல. "உங்க அத்தைகிட்ட பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு சொல்லுடி" என்று அவள் எதிரிலேயே என்னிடம் சொல்லி அனுப்புவார்.

அத்தை கடைசி வருஷம் படிக்கும்போது அவருக்குப் பக்கவாதம் வந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து, சாப்பாடு செலுத்த மூக்கில் போட்ட டியூபோடு திரும்பினார். பேச்சு இல்லை, எச்சிலைக்கூட ஒழுங்காக விழுங்க வரவில்லை. விழுங்க வைப்பதும் அத்தையின் படிப்பில் சேர்ந்ததுதான் என்பது அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. அவள் தன் பேராசிரியையிடம் அவரைக் காட்டி, பேராசிரியை சொன்ன பயிற்சிகளைச் சனி ஞாயிறுகளில் சென்னையிலிருந்து வந்து செய்ய வைத்தாள்.

பங்குனி உத்திரத்தன்று பெரியம்மா கோயிலிலிருந்து சர்க்கரைப் பொங்கல் கொண்டுவந்தாள். ஒரு விரலில் எடுத்துப் பெரியப்பாவின் உதட்டருகே கொண்டுபோனபோது அத்தை பாய்ந்து அவள் கையைப் பிடித்தாள்.

"வேணாம் அண்ணி!"

"சாமி பிரசாதம்மா. பசியோட பார்த்துக்கினு இருக்குறாரு. உனக்கு என்ன கல்லு மனசா?"

"தொண்டையில மூச்சு போற வழியும் சோறு போற வழியும் பக்கத்துல பக்கத்துல இருக்குது அண்ணி. மாறி நுரையீரலுக்குப் போயிட்டா உயிருக்கே ஆபத்து."

பெரியம்மா அழுதுகொண்டே உள்ளே போனாள். அத்தை அன்று பகல் முழுக்க எதுவும் சாப்பிடவில்லை. ஆனாலும் சாயங்காலம் கட்டிலருகே போய் உட்கார்ந்தாள்.

"தாடைய நெஞ்சப் பார்த்து கீழ இறக்குண்ணா. இப்ப அழுத்தி முழுங்கு. இன்னொரு தடவ."

வாழ்நாளில் யார் சொல்லியும் கேட்காத பெரியப்பா, நன்றாக இருந்த கையால் கட்டிலை ஓங்கி அடிப்பார். அடித்துவிட்டுத் தாடையை இறக்குவார்.

கோடை விடுமுறை தொடங்கியபோது, ஒரு கரண்டி கெட்டிக் கஞ்சி கொடுத்துப் பார்க்கலாம் என்று பேராசிரியை மறுபடியும் பரிசோதித்துச் சொன்னார். மறுநாள் காலை அத்தை கரண்டியோடு உட்கார, வீடே கட்டிலைச் சுற்றி நின்றது. அப்பா தறியை நிறுத்திவிட்டு வந்தார். பெரியப்பா தாடையை இறக்கினார். தொண்டை மேலேறி இறங்கியது. இருமல் வரவில்லை.

"ஆ சொல்லுண்ணா."

"ஆ" என்றார். கரகரப்பில்லாத குரல்; கஞ்சி சரியான வழியில்தான் போயிருந்தது. அத்தை மூச்சு விட்டாள். பெரியப்பா கரண்டியையே பார்த்தார். கோணிய வாய் மெல்ல அசைந்தது.

"இன்...னும்."

அவ்வளவு மாதங்களில் அவர் பேசிய முதல் வார்த்தை. பெரியம்மா அத்தையைக் கட்டிக்கொண்டு கதறினாள். அப்பா தெருவுக்கு ஓடி, "எங்க தங்கச்சி எங்க அண்ணன முழுங்க வச்சிட்டாப்பா!" என்று போவோர் வருவோரிடமெல்லாம் சொன்னார். அதன்பின் பார்க்க வந்தவர்களிடம் பெரியப்பா முதலில் தன் தொண்டையைத் தொட்டுக் காட்டுவார், பிறகு அத்தையைக் காட்டுவார், கடைசியில் தன் மார்பைத் தட்டிக்கொள்வார்.

இன்று அத்தை ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் இதே வேலையைச் செய்கிறாள். பெரியப்பா கல்யாண வீடுகளில் இரண்டாம் பந்திக்கும் உட்காருகிறார்.

பெரியப்பா முதல் கரண்டி விழுங்கிய அன்று காலை, சின்னப் பெண்ணாக இருந்த நான் சுவரோரம் உட்கார்ந்து தட்டு நிறைய இட்லி தின்றுகொண்டிருந்தேன். அத்தனையையும் நான் ஒழுங்காகத்தான் விழுங்கினேன். ஒரு கரண்டி கஞ்சியை விழுங்கிய பெரிய மனுஷருக்காக எல்லோரும் ஏன் இப்படி அழுகிறார்கள், என் பக்கம் ஒருவர்கூட ஏன் திரும்பவில்லை என்று எனக்கு ஒரே கோபமாக இருந்தது.