அந்தோணி அண்ணன் திருப்பி வைத்த தட்டு

திட்டக்குடி பஸ்ஸிலிருந்து விருத்தாசலத்தில் இறங்கிக்கொண்டிருந்தபோது அந்தோணி அண்ணனின் மனைவி ஸ்டெல்லா அக்காவிடமிருந்து அழைப்பு வந்தது. "கலை, உங்க அண்ணன் போயிட்டாரும்மா. காலையில பல்லு வெளக்கப் போனாரு, அப்படியே ஒக்காந்துட்டாரு." பின்னால் இறங்கியவர்கள் வழிவிடச் சொன்னார்கள். நகர்ந்து நின்றேன். அழுகை வரவில்லை. சில வருடங்களாகவே எனக்கு எல்லாம் தாமதமாகத்தான் உறைக்கிறது.

நம் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த எல்லோருக்கும் அந்தோணிசாமி அண்ணனைத் தெரியும். உங்களில் பலர் அவரை 'மெஷின் அண்ணன்' என்றே கூப்பிட்டீர்கள். பீங்கான் தொழிற்சாலை ஒன்றில் சூளைகளின் வெப்பமானிகளைப் பார்த்துக்கொண்டிருந்தவர், அந்த யூனிட் மூடப்பட்டதும் நம்மிடம் கருவிகளைப் பராமரிக்க வந்தார். எதைச் சரிசெய்தாலும் "ரெடி" என்று சொல்லமாட்டார். "இப்போதைக்கு ஓடுது" என்பார். கேட்கச் சலிப்பாக இருக்கும். ஆனால் அதைவிடச் சரியான ஒரு வார்த்தையை எந்தக் கம்பெனி இன்ஜினியரும் எங்களிடம் சொன்னதில்லை.

ஒரு சித்திரை வெயிலில் ஊரில் மின்சாரம் போனது. ரத்த மாதிரிகள் இருந்த உறைபெட்டியின் சூடு மெல்ல ஏறிக்கொண்டிருந்தது. நாங்கள் மின்வாரியத்துக்குப் போன் செய்துகொண்டே இருந்தோம். அண்ணன் யாரிடமும் சொல்லாமல் வெளியே போனார். திரும்பி வந்தபோது, கல்யாண வீடுகளுக்கு வாடகைக்கு விடும் ஜெனரேட்டர் ஒன்று லோடு ஆட்டோவில் அவரோடு வந்தது. "முகூர்த்தம் சாயங்காலந்தானாம், அதுவரைக்கும் நமக்கு" என்றார். மாதிரிகள் பிழைத்தன. அவை பிழைத்ததால் பிறகு நானும் பிழைத்தேன். அதைத்தான் இங்கே சொல்ல வேண்டும்.

களிமண் தூசியில் வேலை செய்பவர்களின் உடலில் நிமோனியா தடுப்பூசி எவ்வளவு எதிர்ப்பாற்றலை உண்டாக்குகிறது என்று அப்போது பார்த்துக்கொண்டிருந்தோம். ஊசி போட்ட பிறகு அவர்களுடைய ரத்தத்திலிருந்து பிரித்த சீரத்தை, சின்னச் சின்னக் குழிகள் கொண்ட பிளாஸ்டிக் தட்டில் விடுவோம். எதிர்ப்பாற்றல் இருந்தால் குழி மஞ்சளாகும். எலைசா ரீடர் என்ற கருவி, குழி வழியாக வெளிச்சத்தைச் செலுத்தி அந்த மஞ்சளை எண்ணாகச் சொல்லும். எட்டு வரிசைக் குழிகளுக்கும் வெளிச்சத்தை அளக்கும் கண் தனித்தனியாக ஒவ்வொன்று உண்டு. கண்கள் சரியாக இருக்கின்றனவா என்று வாரம் ஒருமுறை ஒரு சோதனைத் தட்டை வைத்துப் பார்த்து, பதிவேட்டில் 'பார்த்தேன்' என்று கையெழுத்துப் போட வேண்டும். என்னோடு இருந்தவள் கல்யாணமாகிப் போய்விட்டாள். இரண்டு பேர் வேலையை நான் ஒருத்தி செய்தேன். ஐந்து வாரம் நான் சோதனைத் தட்டைத் தொடவே இல்லை. கையெழுத்து மட்டும் போட்டேன்.

ஒரு மதியம் அண்ணன் பக்கத்து மேசையில் தட்டு கழுவும் கருவிக்கு அடைப்பு எடுத்துக்கொண்டிருந்தார். நான் வாசித்து முடித்த தட்டையும் அச்சான காகிதத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"கலை, கடைசி வரிசையும் மத்ததும் ஒரே மஞ்சளாத்தானே இருக்குது. நம்பரு மட்டும் ஏன் பாதியா வருது?"

"சிலருக்கு ஒடம்பு ஏத்துக்காதுண்ணே. அதத்தானே பாக்குறோம்."

"கடைசி வரிசையில இருக்கிறவங்களுக்கு மட்டுமா ஏத்துக்காது?"

தட்டை அரைவட்டம் சுழற்றித் திருப்பி வைத்து மறுபடி வாசிக்கச் சொன்னார். இப்போது முதல் வரிசை ஆட்கள் கடைசி வரிசைக்கு வந்திருந்தார்கள். அவர்கள் எண்களும் பாதியாகிவிட்டன. கடைசிக் கண்ணுக்குள் எங்கிருந்தோ வெளி வெளிச்சம் கசிந்துகொண்டிருந்தது. "சூளையில நெருப்போட நெறம் ஒண்ணு சொல்லும், மீட்டரு ஒண்ணு சொல்லும். ரெண்டும் ஒத்துப்போவலன்னா மொதல்ல மீட்டரத்தான் சந்தேகப்படணும்" என்றார். பிறகு பதிவேட்டைப் புரட்டினார். என் ஐந்து கையெழுத்துகளையும் பார்த்தார். மூடி வைத்தார்.

"டாக்டருகிட்ட நீங்களே சொல்லிடுங்க. நான் சொன்னா கோள் சொன்ன மாதிரி ஆயிடும். நீங்க சொன்னா அது வெறும் தகவலு."

சொன்னேன். ஆய்வுக்குப் பொறுப்பான டாக்டர் கத்தவில்லை. முடிவுகளை ஏற்கெனவே தொழிலாளர்களுக்கு அனுப்பிவிட்டதாக மட்டும் சொன்னார். அண்ணன் கருவியைப் பிரித்துச் சரிசெய்தார். உறைபெட்டியில் மாதிரிகள் பத்திரமாக இருந்ததால் எல்லாவற்றையும் மீண்டும் வாசித்தோம். யாருக்கும் மறுபடி ஊசி குத்தி ரத்தம் எடுக்க வேண்டியிருக்கவில்லை. அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன்.

முடியவில்லை. உடல் ஏற்கவில்லை என்று நாங்கள் தவறாகச் சொல்லியிருந்தவர்களின் வீடுகளுக்குப் போக வேண்டியிருந்தது. அண்ணன் தன் வண்டியில் கூட்டிப்போனார். நல்லூர்ப் பக்கம் செல்வி என்று ஒரு பெண். பீங்கான் யூனிட்டில் அச்சு வார்ப்பவர்.

"அப்ப எங் ஒடம்புல கோளாறு இல்லியா?" என்று கேட்டார்.

"ஒடம்புல இல்லம்மா, மெஷின்ல" என்றார் அண்ணன்.

"தப்பு என் மேலயுந்தாங்க. அத நான் பாத்திருக்கணும்" என்றேன்.

செல்வி என் பக்கம் திரும்பினார். "தூசி பட்டா செத்துப்போயிடுவேன்னு வூட்டுல வேலைக்கு அனுப்பல. என் எடத்துல வேற ஆளப் போட்டுட்டாங்க. இப்ப வந்து சொல்றீங்க."

அண்ணன் சமாதானம் எதுவும் சொல்லாமல் அவர் சொன்னதை முழுக்கக் கேட்டார். பிறகு தனக்குத் தெரிந்த இரண்டு மூன்று யூனிட்டுகளில் ஏறி இறங்கினார். பழைய இடம் கிடைக்கவில்லை. சில மாதம் கழித்து இன்னொரு யூனிட்டில் பூச்சு வேலை கிடைத்தது. வீட்டிலிருந்து தூரம், இரண்டு பஸ் மாற வேண்டும். அண்ணன் போய்ச் சொன்னபோது செல்வி சரி என்றார். நன்றி சொல்லவில்லை. திரும்பும் வழியில் அண்ணன் சொன்னார்: "சொல்லாததுதான் சரி."

அதற்குப் பிறகு ஒரு நாள், இந்த வேலையை விட்டுவிடலாம் என்று அவரிடம் சொன்னேன். "தப்பு செஞ்சதாலயா, அசதியாலயா?" என்று கேட்டார். அசதிதான் என்றேன். "அப்ப பதிவேட்டுல அசதின்னே எழுதுங்க. பாக்க முடியாத அன்னிக்கு 'பாக்கல'ன்னு எழுதிட்டுப் போங்க. அத வாசிக்கிறவன் உஷாரா இருப்பான்" என்றார். டாக்டரிடமும் அவரே போய், இரண்டு பேர் வேலைக்கு இரண்டு பேர் வேண்டும் என்றார். ஆள் வர ஒரு வருடமானது.

கல்லறைத் தோட்டத்தில் உங்களில் சிலரைப் பார்த்தேன், சரியாகப் பேச முடியவில்லை. அங்கிருந்து நேராக ஆய்வுக்கூடத்துக்குத்தான் போனேன். அன்று சோதனைத் தட்டு வைக்க வேண்டிய நாள். கருவிக்கு முன்னால் உட்கார்ந்தேன். கண் எரிந்தது, எண்கள் கலங்கின. பதிவேட்டில் அன்றைய தேதிக்கு எதிரே 'பார்க்கவில்லை' என்று எழுதிக் கையெழுத்திட்டேன். அன்று தட்டுகள் எதையும் வாசிக்கவில்லை. அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அந்த ஒரு சொல்தான். அதை ஒளிக்காமல் எழுத எனக்கு இத்தனை வயதாயிற்று.