நேரம் கேட்ட நந்தினி

வேங்கிக்கால் கலெக்டர் ஆபீஸ் பக்கத்தில் சுதர்சனா வைத்திருக்கும் ஜெராக்ஸ் கடைக்கு விண்ணப்பம் போட வருகிறவர்கள், ஒரு திட்டையும் வாங்கிக்கொண்டுதான் போவார்கள். "ஓடிபி எவன் கேட்டாலும் சொல்லாதீங்க. நான் கேட்டாலும் எதுக்குன்னு கேளுங்க." போனில் ஏமாந்துவிட்டு அழுதுகொண்டே புகார் எழுத வந்தவர்களை அவள் நிறையப் பார்த்திருக்கிறாள். பேங்கிலிருந்து பேசுகிறோம் என்று யாராவது கூப்பிட்டால் பட்டென்று வைத்துவிட்டு, பாஸ்புக்கில் இருக்கும் நம்பருக்குத் தானே போட்டுக் கேட்பாள்.

அப்படிப்பட்டவள் வீட்டுக்குள்ளேயே போன் வழியாக ஒருத்தி நுழைந்துவிட்டாள். பெயர் நந்தினி.

சுதர்சனாவின் மகன் அர்ஹந்த்துக்குப் பதினாறு வயது. போன வருஷம் ரத்தப் புற்றுநோய் என்றார்கள். சென்னை ஆஸ்பத்திரியில் ஊசிகள் முடிந்து, இப்போது வீட்டில் தினமும் மாத்திரை. பிளஸ் ஒன் பாதியில் நின்றது. பையன் யாரோடும் பேசுவதில்லை. இதே நோயிலிருந்து தேறி வந்த இளவட்டங்கள் வாரத்துக்கு ஒருநாள் வீடியோவில் பேசுவார்கள் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம் என்ற வரியை இரண்டு தடவை படித்துவிட்டுத்தான் சுதர்சனா ஃபாரத்தில் கையெழுத்துப் போட்டாள்.

முதல் வாரமே அவளுக்குப் பிடிக்கவில்லை. வீடியோ என்று பேரே தவிர, பேச வந்த நந்தினி கேமராவைத் திறப்பதேயில்லை. திரையில் மூன்றாவதாக இன்னொரு வட்டம் வேறு இருந்தது, பேச்சுமூச்சில்லாமல். அம்மாவிடம் நாலு வார்த்தை பேசாத பையன் அந்தக் குரலோடு விழுந்து விழுந்து சிரித்தான்.

ஐந்தாவது வியாழக்கிழமை, அடுப்படியில் இருந்தவள் காதில் நந்தினி கேட்டது விழுந்தது.

"சாயங்காலம் எத்தனை மணிக்கு சாப்பிடுவீங்க? எப்ப படுப்பீங்க? அம்மா கடையிலேருந்து எப்ப வருவாங்க?"

வந்தவாசிப் பக்கம் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் கணவன் விருசபதாசனுக்கு உடனே போன் போட்டாள். "அந்தப் பொண்ணு வீட்ட நோட்டம் விடறா."

"நம்ம வீட்ல என்னடி இருக்கு? ஜெராக்ஸ் மிஷின தலைல தூக்கி வெச்சிக்கினு ஓடப்போறாளா?"

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. மகனிடம் கேட்டாள். "அந்த அக்காவும் ரெண்டு வருஷம் இதே மாத்திரை சாப்ட்டாங்கம்மா. அதான் கேக்கறாங்க."

"அப்படித்தான் சொல்லுவா. விலகிக்கறோம்னு நான் எழுதிடறேன்."

"எழுதிக்கோ. அப்புறம் ஆஸ்பத்திரிக்கு நீயே போய்ட்டு வா. நான் வரமாட்டேன்."

சொன்னால் செய்வான் என்று அவளுக்குத் தெரியும். பையனை நந்தினியிடம் விட்டாலும் பயம், பிரித்தாலும் பயம். அடுத்த வியாழன் போன் முன்னால் தானே உட்கார்ந்தாள்.

"கேமராவ போடும்மா."

"ஹாஸ்டல் ரூம்ல கூட மூணு பேர் இருக்காங்க ஆன்ட்டி. போடக்கூடாது."

"சரி, அந்த மூணாவது ஆள் யாரு? ஒட்டுக் கேக்கறது?"

ஊமையாக இருந்த வட்டம் வாய் திறந்தது. "ஆஸ்பத்திரியில ஆலோசனை சொல்ற கவுன்சிலர் ஓவியாங்க. பசங்க பேசும்போது பெரியவங்க ஒருத்தர் கூட இருக்கணும். ஃபாரத்துல மூணாம் பக்கம் போட்டிருக்கு."

மூன்றாம் பக்கத்தை சுதர்சனா படிக்கவில்லை. ஆனாலும் விடவில்லை. "நாங்க எப்ப சாப்பிடறோம், எப்ப படுக்கறோம்னு உனக்கு எதுக்கு?"

நந்தினி கொஞ்சம் தயங்கினாள். "மருந்தப் பத்தி நான் எதுவும் சொல்லக்கூடாது ஆன்ட்டி. எனக்கு ஒரு சந்தேகம், அத ஓவியா மேடம்கிட்டயும் சொல்லிட்டேன். ராத்திரி மாத்திரைய எப்ப குடுக்கறீங்கன்னு நர்ஸ்கிட்ட சொல்லி, சரியான்னு மட்டும் கேளுங்க. நம்பர் அனுப்பட்டுமா?"

"நீ அனுப்பற நம்பர் வேணாம்."

வைத்துவிட்டாள். ஆனால் டாக்டர் எழுதிய சீட்டை எடுத்துப் பார்த்தாள். அவர்கள் சமணக் குடும்பம். பொழுது சாய்ந்தபின் அந்த வீட்டில் யாரும் சாப்பிடுவதில்லை. அர்ஹந்த் நோயிலும் அதை விட்டதில்லை, தண்ணீர்கூடக் குடிக்கமாட்டான். சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து ராத்திரி ஒரு மாத்திரை என்று டாக்டர் எழுதியிருந்தார். அவள் அதை மாலை ஐந்தே முக்காலுக்கு, தயிர்சாதத்தின் கடைசிக் கவளத்தோடு கொடுத்துவந்தாள். "ராத்திரி மாத்திரை தவறாம போகுதா?" என்று டாக்டர் கேட்கும்போதெல்லாம் "போகுதுங்க" என்றாள். பொய் சொல்வதாக அவளுக்குத் தோன்றியதே இல்லை. கடைசிச் சாப்பாடு முடிந்தால் அந்த வீட்டில் ராத்திரி வந்துவிட்டது என்றுதான் அர்த்தம்.

பழைய ஃபைலைத் தேடி, அதில் அச்சடித்திருந்த ஆஸ்பத்திரி நம்பருக்குப் போட்டாள்.

"சாப்பாட்டோடவேவா? அப்படிக் குடுத்தா மருந்து உடம்புல சரியா ஏறாதே," என்றாள் நர்ஸ். "எத்தனை மாசமா?"

"அஞ்சு மாசமா."

"ரத்தத்துல அளவு சரியில்லன்னு டாக்டர் போன தடவை மருந்த ஏத்தினாரே, அப்பவாவது சொல்லக்கூடாதா?"

பொழுது சாய்வதற்குள் எல்லாம் முடிய வேண்டும் என்பதை சுதர்சனா மெதுவாகச் சொன்னாள். நர்ஸ் டாக்டரிடம் கேட்டுவந்து சொன்னாள். "மூணரைக்குள்ள சாப்பாட்ட முடிச்சிடுங்க. அஞ்சே முக்காலுக்கு மாத்திரை. தினம் அதே நேரம். நடுவுல எதுவும் குடுக்காதீங்க. திங்கக்கிழமை ரத்தம் எடுக்க வாங்க, அளவப் பாத்துட்டு மருந்த மாத்தலாமா வேணாமான்னு சொல்றோம்."

மறுநாள் முதல் கடையை மூன்று மணிக்கே சாத்தினாள். "மூணரைக்கு ராத்திரி சாப்பாடா? கோழிகூட இன்னும் அடையலம்மா," என்றான் அர்ஹந்த். ஆனால் சாப்பிட்டான்.

திங்கட்கிழமை ரத்தம் எடுத்தார்கள். முடிவு வர நாளாகும் என்றார்கள். வியாழக்கிழமை வந்ததும் சுதர்சனா போனைத் தானே எடுத்தாள்.

"ஏம்மா, இத என்கிட்டயே நேரா கேட்டிருக்கலாம் இல்ல?"

"கேட்டிருந்தா போன வெச்சிருப்பீங்க ஆன்ட்டி."

சுதர்சனா யோசித்துப் பார்த்தாள்.

"ஆமா. வெச்சிருப்பேன்."

போனை மகனிடம் கொடுத்துவிட்டு எழுந்து அடுப்படிக்குப் போனாள். காது மட்டும் போன் பக்கமே இருந்தது.